வெல்டிங் ஷாப்பின் கண் மருந்து

எனக்கு இருந்தது ஒரே கண். வலது கண்ணை அம்மை எடுத்துக்கொண்டபோது நான் பள்ளிக்கூடம்கூடப் போக ஆரம்பிக்கவில்லை. வாசலில் வேப்பிலை செருகி, மஞ்சள் தண்ணீர் தெளித்து, அம்மை இறங்கும்வரை வீட்டில் காத்திருந்தார்கள். இறங்கியபோது கருவிழியில் வெள்ளையாய்ப் பூ விழுந்திருந்தது. உயிர் தப்பியதே பெரிது என்று எல்லோரும் திருப்திப்பட்டுக்கொண்டார்கள். அம்மன்மேல் எனக்குக் கோபமில்லை. கண் வீங்கி மூடிக் கிடந்த அத்தனை நாளில் ஒருவராவது இமையைத் திறந்து உள்ளே பார்க்கவில்லையே, அந்தக் கோபம் இன்றைக்கும் இருக்கிறது.

ஒற்றைக்கண்ணி என்று கூப்பிட்டவர்களை நான் சும்மா விட்டதில்லை. பிள்ளைகளாக இருந்தால் அடி, பெரியவர்களாக இருந்தால் பதில். அந்த ஒரு கண்ணை வைத்துக்கொண்டே எட்டாவது வரை படித்தேன், நாற்று நட்டேன், களை பறித்தேன், கல்யாணமும் செய்துகொண்டேன். என் கணவர் ஸ்ரீபெரும்புதூர் சாலையில் லாரிக்கு டேங்க் கட்டும் ஒரு கம்பெனியில் வெல்டர். பெண் பார்க்க வந்த அன்று என் பூ விழுந்த கண்ணைத்தான் நேராகப் பார்த்தார். சுற்றி வளைக்காமல் பார்த்த முதல் ஆள் அவர்தான், அதனாலேயே சரி என்று சொன்னேன்.

எழுபதுகள் முடிகிற சமயம் அது. தை மாதம், களத்தில் நெல் தூற்றிக்கொண்டிருந்தோம். காற்று திடீரென்று திசை மாறியதில் நெல் உமியின் சுணை ஒன்று தூசியோடு என் இடது கண்ணில் அடித்தது. மாமியார் தண்ணீர் அடித்துக் கழுவினார், முந்தானை நுனியால் துடைத்தார். தூசி வந்துவிட்டது, உறுத்தல் போகவில்லை. சாயங்காலம் கணவர் ஷிஃப்ட் முடிந்து வந்தபோது நான் கண்ணைத் திறக்க முடியாமல் சுவரோரம் உட்கார்ந்திருந்தேன்.

"இதுக்கா அழுதுகினு கீறே? கண்ணத் தெற. ஒரே சொட்டு, அவ்ளோதான்" என்றார். சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன பிளாஸ்டிக் பாட்டிலை எடுத்தார்.

அந்த பாட்டிலைப் பற்றிச் சொல்லவேண்டும். வெல்டிங் வெளிச்சம் வெறும் கண்ணில் பட்டால் உடனே ஒன்றும் தெரியாது. வீட்டுக்கு வந்து சாப்பிட்டுப் படுத்த பிறகு, மணலை அள்ளிக் கண்ணில் கொட்டியதுபோல் எரிய ஆரம்பிக்கும். அதற்காக ஃபோர்மேன் யாரோ ஒரு கம்பவுண்டரைப் பிடித்து இந்தச் சொட்டு மருந்தை வாங்கி, தன் டூல் பாக்ஸில் வைத்திருந்தார். எவனுக்கு அன்று வெளிச்சம் அடித்ததோ அவன் பாட்டிலை வீட்டுக்கு எடுத்துப்போய், மறுநாள் திருப்பிக் கொண்டுவந்து வைப்பான். ஷாப் முழுக்க ஒரே பாட்டில்தான். அதை ஒருவரும் ஒளித்துவைத்துக்கொண்டதில்லை, இல்லையென்று சொன்னதுமில்லை. லீவு கேட்டால் கிடைக்காத இடத்தில் அவர்களுக்குள் இருந்த ஒரே உதவி அது.

சொட்டு விழுந்ததும் சுரீரென்று எரிந்தது, அப்புறம் கண் இருக்கிற இடமே தெரியவில்லை. வலி சுத்தமாக நின்றுபோனது. நான் அந்த பாட்டிலைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடாத குறைதான். மறுநாளும் கேட்டேன், அதற்கு மறுநாளும் கேட்டேன். ஷாப்பில் சொல்லிவிட்டு, அவர் சில நாள் பாட்டிலை என்னிடமே விட்டுவைத்தார். வலி திரும்பி வரும்போது முன்னைவிடக் கடுமையாக வந்தது, அதனால் இன்னும் அடிக்கடி விட்டுக்கொண்டேன். கணவர் மெடிக்கல் ஷாப்பில் ஒரு களிம்பும் வாங்கிவந்து போட்டார். இமை வீங்கி, பச்சையாகப் பிசுபிசுவென்று பீளை வழிய ஆரம்பித்தது. ஒருநாள் காலையில் அவர் என் இமையை விலக்கிப் பார்த்தார்.

"இன்னாய்யா கீது?" என்று கேட்டேன்.

"கருப்பு மேல வெள்ளையா ஒரு பொட்டு" என்றார்.

எனக்கு அவர் முகம் தெரியவில்லை. வாசல் இருக்கும் பக்கம் வெளிச்சம் மட்டும் தெரிந்தது.

மாமியார் உடனே வல்லக்கோட்டை முருகனுக்கு வெள்ளியில் கண்மலர் சாத்துவதாக வேண்டிக்கொண்டார். அடுத்த கிருத்திகைக்குப் போய்ச் சாத்திவிட்டு வந்தால் எல்லாம் சரியாகும், அதுவரை கண்ணைக் கட்டி வைக்கலாம் என்பது அவர் யோசனை. எனக்கு வந்த ஆத்திரத்தில் குரல் கிழிந்துவிட்டது. "அத்தே, போன தடவ எல்லாரும் காத்துகினு இருந்ததுல ஒரு கண்ணு பூடுச்சு. இது என்கிட்ட கீற கடைசிக் கண்ணு. நீங்க சாத்துறதுன்னா சாத்துங்க, வேணாம்னு சொல்லல. நான் இன்னிக்கே ஆஸ்பத்திரிக்குப் போறேன். கூட வர்றவங்க வரட்டும்" என்றேன். கணவர் அரை நாள் லீவுக்காகத் தயங்கினார். நான் கதவைத் தடவிக்கொண்டே வெளியில் நடக்க ஆரம்பித்ததும் இரண்டு பேரும் பின்னால் வந்தார்கள்.

பட்டணத்துக் கண் ஆஸ்பத்திரியில் என்னைப் பார்த்தது ஒரு டாக்டரம்மா. குரலில் இளமை தெரிந்தது, கண்டிப்பும் தெரிந்தது. ஒரு இயந்திரத்தில் தாடையை வைத்து நெற்றியை ஒட்டிக்கொள்ளச் சொன்னார். ஒரு காகிதத் துண்டால் கண்ணில் சாயத்தைத் தொட்டுவிட்டு, நீல வெளிச்சத்தில் பார்த்தார். கருவிழியில் புண் எவ்வளவு அகலமோ அவ்வளவுக்குச் சாயம் பச்சையாக ஒளிரும் என்று பக்கத்தில் நின்ற மாணவர்களுக்குச் சொன்னார். கருவிழிக்குப் பின்னால் சீழ் தேங்கி நிற்கிறது என்றும் சொன்னார். அப்புறம் என்னைப் படுக்கவைத்து, "புண்ணுலேர்ந்து கொஞ்சம் சுரண்டி எடுக்கணும்மா. மரத்துப்போக சொட்டு விடறேன், வலிக்காது" என்றார்.

சொட்டு விழுந்தது. சுரீரென்று எரிந்து, கண் இருக்கிற இடமே தெரியாமல் போனது.

"டாக்டரம்மா, இந்த மருந்து எனக்குத் தெரியும். எங்க வூட்ல இதத்தான் வுட்டுகினு இருந்தேன்" என்றேன்.

"எத்தனை நாளா?" என்று கேட்டார். சொன்னேன். "இது ஆபரேஷன் மேஜையில நாங்க விடற மருந்தும்மா. இத நாள் முழுக்க விட்டா புண்ணு ஆறாது, கண்ணு கெட்டுப்போறதும் உனக்குத் தெரியாது. யாரு குடுத்தா?" என்றார். கணவர் செருமினார். நான்தான் வெல்டிங் ஷாப் கதையைச் சொன்னேன்.

கத்தியால் சுரண்டியதில் கொஞ்சத்தைக் கண்ணாடித் தகட்டில் தடவிச் சாயமேற்றி, அவரே மைக்ரோஸ்கோப்பில் பார்த்துவிட்டு வந்தார். சிவப்பாகக் குச்சி குச்சியாகக் கிருமி தெரிகிறது, ஆனால் குச்சிகளிலும் பல ஜாதி உண்டு, எந்த ஜாதி என்று தெரிய அதை வளர்த்துப் பார்க்கவேண்டும் என்றார். மீதியைக் கிருமி வளர்க்கும் தட்டில் கீறி வைத்தார். அதுவரைக்கும் என்று ஒரு மருந்தை ஆரம்பித்தார். மணிக்கு ஒருதரம் சொட்டு, ராத்திரி பகல் என்றில்லை. நர்ஸ் வராத நேரத்தில் மாமியார் விட்டார். நான் தூங்கினால்கூட இமையைத் தூக்கி விட்டுவிட்டுப் போவார்.

தட்டில் ஒன்றும் வளரவில்லை. நாங்கள் போட்ட மெடிக்கல் ஷாப் களிம்பு கிருமியை அரைகுறையாக அடக்கி வைத்திருக்கிறது, அதனால் தட்டில் முளைக்கவில்லை, கண்ணுக்குள் மட்டும் தின்றுகொண்டிருக்கிறது என்று டாக்டரம்மா விளக்கினார். புண் பெரிதாகிக்கொண்டே போனது. பெரிய டாக்டர் வந்து பார்த்தார். கருவிழி உடைந்துபோகும் நிலையில் இருக்கிறது, உடைந்து சீழ் பரவுவதற்கு முன்னால் கண்ணை எடுத்துவிடுவதுதான் நல்லது என்றார். என்னிடம் சொல்லவில்லை, என் கணவரிடம் சொன்னார். கையெழுத்துப் போடச் சொல்லி ஒரு தாளை நீட்டியதும், இவர் பேனாவை வாங்கியதும் என் காதில் விழுந்தது.

"அது என் கண்ணு. அவர் கையெழுத்துப் போட்டா அவர் கண்ண எடுங்க" என்றேன்.

வார்டில் யாரோ சிரித்தார்கள். பெரிய டாக்டருக்குச் சிரிப்பு வரவில்லை. "எடுக்காட்டி உனக்குத்தாம்மா வலி" என்றார். "வலி எனக்குத்தானே, உங்களுக்கில்லையே. வெளிச்சம் தெரியுது. வெளிச்சம் தெரியற வரைக்கும் யாரும் கை வைக்கக் கூடாது" என்றேன். திமிர் பிடித்தவள் என்று நினைத்திருப்பார். நினைக்கட்டும். பயம் எனக்கும் இருந்தது. ஆனால் பயந்தவள் பேச்சை யாரும் காதில் வாங்கமாட்டார்கள் என்று எனக்கு ஐந்து வயதிலிருந்தே தெரியும்.

அவர் போன பிறகு டாக்டரம்மா கட்டிலருகே வந்து உட்கார்ந்தார். "அந்த பாட்டில் கிடைச்சா ஒரு வழி இருக்கு. பல பேர் கண்ணுல பட்ட பாட்டில். கிருமி அதுலேர்ந்துதான் வந்திருக்கும்னு எனக்குத் தோணுது. அதுல வளர்த்துப் பார்த்தா எந்த மருந்துக்குச் சாகும்னு தெரிஞ்சுடும்" என்றார்.

"அத தூக்கிப் போட்டாச்சு" என்றார் என் கணவர்.

டாக்டரம்மா எழுந்து போனார். கணவரும் ஷிஃப்டுக்கு நேரமாகிறதென்று கம்பெனிக்குக் கிளம்பினார். மாமியார் என் காதருகே குனிந்து, "பொய் சொல்றான். திருப்பி எடுத்துனு போய் கம்பெனிலதான் வச்சிகினு கீறான். வெளிய தெரிஞ்சா ஃபோர்மேனுக்கு வேல பூடும், இவனுக்கும் பூடும்னு பயந்துகினு கீறான்" என்றார்.

நான் எழுந்து உட்கார்ந்தேன். நானும் மாமியாரும் டாக்டரம்மாவிடம் சொல்லிவிட்டே கிளம்பினோம். அவர் முதலில் முடியவே முடியாது என்றார், அப்புறம் இருட்டுவதற்குள் வந்துவிடவேண்டும், சொட்டு ஒருதரம்கூடத் தவறக் கூடாது என்று சொல்லி அனுப்பினார். கண்மேல் கிண்ணம்போல் ஒரு தகர மூடியை வைத்துப் பிளாஸ்திரி ஒட்டினார், எங்கேயும் முட்டிக்கொள்ளாமல் இருக்க. மருந்து பாட்டிலை ஐஸ் போட்ட பிளாஸ்கில் வைத்து மாமியாரிடம் கொடுத்தார். பஸ்ஸில் ஜனங்கள் வேடிக்கை பார்க்க, மாமியார் தகர மூடியைத் தூக்கித் தூக்கிச் சொட்டு விட்டுக்கொண்டே வந்தார். செம்பரம்பாக்கம் பக்கம் வந்தபோது, ஏரி நிறைய தண்ணி கீது என்று சொன்னார். எனக்கு ஒரு பக்கம் வெளிச்சம் கொஞ்சம் கூடியது, அவ்வளவுதான்.

கம்பெனி கேட்டில் வாட்ச்மேன் உள்ளே விடவில்லை. ஷிஃப்ட் மாறுகிற நேரம்வரை நின்றிருந்தோம். சங்கு ஊதியதும் நான் கேட்டுக்கு நடுவே தரையில் உட்கார்ந்துவிட்டேன். உள்ளே வரவேண்டிய லாரி ஒன்று ஹார்ன் அடித்துக்கொண்டே நின்றது. ஆட்கள் கூடிவிட்டார்கள். ஃபோர்மேன் வந்தார்.

"இன்னாம்மா இது, கேட்டாண்ட குந்திகினு? வண்டி உள்ள வரணும்ல."

"அண்ணா, அந்தக் கண்ணு மருந்து பாட்டில் வோணும். குடுத்துட்டா போய்க்கினே இருப்பேன்."

"எந்த பாட்டிலு? இங்க இன்னா மெடிக்கல் ஷாப்பா வச்சிகினு கீறோம்?"

"உங்க டூல் பாக்ஸ்ல கீறது."

அவர் குரலைத் தாழ்த்தினார். "அதுல ஒரு தப்பும் கெடையாதும்மா. எல்லாரும் வுட்டுகினுதான் கீறோம். தீந்து போறாப்ல இருந்தா அதுல தண்ணி ஊத்தி வெப்பேன். அதுவும் கொழாத் தண்ணி இல்ல. பேட்டரிக்கு ஊத்தற டிஸ்டில் வாட்டர். அத வுட சுத்தமான தண்ணி எங்கனா கீதா?"

அவர் ஏமாற்றவில்லை. அந்த ஷாப்பில் பேட்டரி தண்ணீர் என்றால் தூசு தும்பு இல்லாத, காசு கொடுத்து வாங்குகிற, யாரும் வாய் வைக்காத தண்ணீர். தன் ஆட்களின் கண்ணுக்கென்று அதைத் தேடி ஊற்றியிருக்கிறார். ஆனால் அந்த நேரத்தில் அவர் நல்ல மனதைப் பாராட்டுகிற நிலையில் நான் இல்லை.

"அப்ப அந்தத் தண்ணியிலயும் கொஞ்சம் குடுங்க" என்றேன்.

கூட்டத்தில் என் கணவரின் குரல் கேட்டது. "எழுந்துர்றீ. மானத்த வாங்காத. வூட்டுக்குப் போய்ப் பேசிக்கலாம்" என்றார்.

"இப்டியே வூட்டுக்குப் போனா எனக்கு வழியே தெரியாமப் பூடும்யா. அப்புறம் யாரு என்னக் கையப் புடிச்சிகினு கெணத்தாண்ட கூட்டினு போவா? நீயா? இங்க நிக்கிறவங்கல்லாம் ஒருத்தர் கண்ண ஒருத்தர் பாத்துக்கோங்க. என்னால பாக்க முடியல. வெள்ளையா பொட்டு யாருக்குனா கீதா பாத்துக்கோங்க. அந்த பாட்டில நான் மட்டும் வுட்டுக்கல" என்றேன்.

சிரித்துக்கொண்டிருந்தவர்கள் நிறுத்தினார்கள். லாரியும் ஹார்ன் அடிப்பதை நிறுத்தியது. மாமியார் முன்னால் போய், "டேய், பெத்தவ சொல்றேன், போய் எடுத்தாடா. அவ கண்ணு பூடுச்சின்னா அந்த வூட்ல நான் சோறாக்க மாட்டேன்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து என் கையில் அந்தச் சின்ன பிளாஸ்டிக் பாட்டில் வந்து விழுந்தது. கூடவே ஒரு கண்ணாடி பாட்டிலில் பேட்டரி தண்ணீர். கொண்டுவந்து கொடுத்த கை என் கணவருடையது. அவர் பின்னாலேயே ஃபோர்மேன், "நாளையிலேர்ந்து நீ வர வேணாம்பா" என்று சொன்னதும் என் காதில் விழுந்தது. நான் எழுந்து பஸ்ஸுக்கு நடந்தேன்.

இந்த முறை தட்டில் வளர்ந்தது. சொட்டு மருந்திலும் வளர்ந்தது, பேட்டரி தண்ணீரிலும் வளர்ந்தது. தட்டே பச்சை நிறமாக மாறிவிட்டதாகவும், மூக்கருகே வைத்தால் பழவாசனை வருவதாகவும் டாக்டரம்மா சொன்னார். எவ்வளவு சுத்தமான தண்ணீரிலும் உயிர் வாழ்கிற கிருமி அது, சோறு தண்ணி இல்லாமலே பெருகும் என்றார். அப்புறம் மருந்து தோய்த்த சின்னச் சின்னக் காகித வட்டங்களைத் தட்டில் வைத்துப் பார்த்திருக்கிறார்கள். எனக்கு அதுவரை விட்டுக்கொண்டிருந்த மருந்தைச் சுற்றிக் கிருமி கூச்சமில்லாமல் வளர்ந்திருந்தது. வேறொன்றைச் சுற்றி மட்டும் அகலமாக வெற்றிடம். ஊசி போடுகிற அந்த மருந்தையே கெட்டியாகச் சொட்டில் கலந்து விட ஆரம்பித்தார்கள். முதல் நாள் மிளகாய் அரைத்துப் போட்டதுபோல் எரிந்தது. எரியட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தேன்.

சீழ் முதலில் இறங்கியது. புண்ணின் ஓரம் மழுங்கியது. ஒருநாள் காலையில் பக்கத்துக் கட்டில்காரி சோற்றுத் தட்டு ஏந்திப் போவது நிழலாகத் தெரிந்தது. டாக்டரம்மா தன் விரல்களை நீட்டி எத்தனை என்று கேட்டபோது, சரியாகச் சொல்லிவிட்டு, "மோதிரம் போட்டுகினு கீறீங்க" என்றும் சொன்னேன். அவர் என் தோளைப் பிடித்து அழுத்தினார். பெரிய டாக்டர் வந்து பார்த்தார், அப்படியே அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். தழும்பு நடுவில் இல்லாமல் ஓரமாக விழுந்தது என் நல்ல காலம். புகை படிந்த லாந்தர் கண்ணாடி வழியாகப் பார்ப்பதுபோல் இன்றைக்கும் பார்க்கிறேன். அரிசியில் கல் பொறுக்கக் கஷ்டம். மற்றபடி எல்லாம் செய்கிறேன்.

வீட்டுக்குத் திரும்பியபோது கணவர் வேலையில்லாமல் இருந்தார். ஷாப்பில் புது பாட்டில் எதுவும் வாங்கவில்லை என்றும், இரண்டு பேர் கண் ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தார்கள் என்றும் பழைய சிநேகிதர்கள் வந்து சொன்னார்கள். வேலையை மட்டும் திருப்பித் தரவில்லை. "ஒன் கண்ணுக்காக என் வேல பூடுச்சு" என்று அவர் ஒருநாள் வாய்விட்டே சொன்னார். மன்னித்துக்கொள் என்று நான் சொல்வேன் என எதிர்பார்த்திருக்கலாம். "ஆமா, பூடுச்சு. வேல இன்னொண்ணு கெடைக்கும். எனக்கு இன்னொண்ணு கெடையாது" என்றேன். வீட்டில் ரொம்ப நாள் உப்புச்சப்பில்லாமல்தான் பேசிக்கொண்டோம். மறைமலை நகரில் புதிதாகக் கம்பெனிகள் வந்துகொண்டிருந்த நேரம். அங்கே ஒன்றில் மறுபடியும் வெல்டராகச் சேர்ந்தார்.

வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் அவர் திரும்பி வந்து கை கால் கழுவியதும், நான் அவரை வாசலுக்கு இழுத்து வந்து வெளிச்சத்தில் நிறுத்தினேன். இரண்டு கட்டை விரலாலும் அவர் கீழிமையை இழுத்துப் பிடித்தேன். என் கண்ணுக்குத் தூரம் வைத்துப் பார்த்தால் தெரியாது. மூக்கோடு மூக்கு இடிக்கிற அளவுக்குப் போய்ப் பார்க்கவேண்டும். "இன்னாடி இது, தெருவுல எல்லாரும் பாக்கறாங்க" என்று நெளிந்தார். பார்க்கட்டும் என்று இடது கண்ணையும் முழுக்கப் பார்த்து முடித்தேன். அன்றிலிருந்து அவர் ரிட்டயர் ஆகும்வரை ஒருநாள் விட்டதில்லை. சண்டை போட்ட நாளில்கூடப் பேசாமல் வந்து வெளிச்சத்தில் நிற்பார், நானும் பேசாமல் இமையை விலக்கிப் பார்ப்பேன். இரண்டு கண்ணிலும் கருப்பு கருப்பாகவே இருக்கிறது என்று தெரிந்த பிறகுதான் உள்ளே போய்ச் சோறு போடுவேன்.